சி-27 லேண்ட்ஸ்கேப்பிங் காண்ட்ராக்டர் எக்ஸாம்: ஃபார்முலா எல்லாம் உருப்போடணுமா?

பச்சைத்தரை

வணக்கம். கலிஃபோர்னியால சி-27 லைசென்ஸ் (தோட்டம் அமைக்கிற காண்ட்ராக்டர் லைசென்ஸ்) எடுத்தவங்க, இல்ல இப்ப படிச்சிட்டு இருக்கிறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. நான் சாக்ரமெண்டோ பக்கம் ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனில ஃபோர்மேன். கேக்குற நாலு வருஷ எக்ஸ்பீரியன்ஸுக்கு ஓனரே ஃபார்ம்ல கையெழுத்து போட்டு குடுத்துட்டாரு, அப்ளிகேஷனை சிஎஸ்எல்பில (காண்ட்ராக்டர் லைசென்ஸ் குடுக்குற மாநில போர்டு) ஏத்துக்கிட்டாங்க, கைரேகையும் குடுத்தாச்சு, இனிமே லா அண்ட் பிசினஸ் ஒண்ணு, ட்ரேட் ஒண்ணுன்னு ரெண்டு பரீட்சை தான் பாக்கி.

வேலை எனக்கு தெரியும். வால்வு மேனிஃபோல்டு கட்டுறது, பேவர் (தரைக்கல்) போடுறது, மரம் நடுறதெல்லாம் தினமும் பண்றது தான். ஆனா படிக்க உக்காந்தா பக்கத்துக்கு பக்கம் நம்பர். 96.3ங்கிறான், 0.62ங்கிறான், 0.433, 2.31, 324, எதுக்கு எதுன்னு இன்னைக்கு மனசுல நிக்குது நாளைக்கு கலைஞ்சு போயிடுது. ஸ்கூல் விட்டு ரொம்ப காலம் ஆச்சு, புக்கை திறந்து வச்சு எழுதுற பரீட்சையும் இல்ல. இதை எல்லாம் அப்படியே உருப்போடணுமா, வேற வழி இருக்கா?

அப்புறம் ஆன்லைன்ல "எக்ஸாம்ல வந்த அதே கேள்விகள்"னு நல்ல விலைக்கு விக்கிறாங்க, வாங்கலாமா? லா புக்கு வேற அவ்வளவு தடிமனா இருக்கு, எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. ரெண்டுல எதுக்கு அதிக நேரம் குடுக்கணும்னு சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.

சொட்டுநீர்

தம்பி, உருப்போடாதீங்க. நான் இர்ரிகேஷன் டிசைன் பாக்குறவன், சி-27 எழுதின ஆளு, அதனால இதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நீங்க சொன்ன அஞ்சு நம்பரும் தனித்தனி இல்ல. ஒரு கேலன் தண்ணி 231 கன இன்ச், ஒரு சதுர அடி 144 சதுர இன்ச். இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி கணக்கு முடிஞ்சுது.

96.3 எங்க இருந்து வருதுன்னு பாருங்க. ஸ்பிரிங்க்ளர்ல நிமிஷத்துக்கு ஒரு கேலன் வருதுன்னா நிமிஷத்துக்கு 231 கன இன்ச். நமக்கு வேண்டியது மணிக்கு எத்தனை இன்ச்னு, அதனால 60ஆல பெருக்கு. அது விழுற இடம் சதுர அடில இருக்கு, இன்ச்சுக்கு கொண்டு வர 144ஆல வகு. 231 பெருக்கல் 60 வகுத்தல் 144, வர்றது 96.25. அதைத்தான் 96.3ன்னு எழுதி வச்சிருக்கான், வேற மந்திரம் ஒண்ணும் கிடையாது. இப்ப 20க்கு 30 அடி புல்தரை, எல்லா ஸ்பிரிங்க்ளர் ஹெட்டும் சேர்ந்து 10 ஜிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 10 கேலன்னு வைங்க. 96.3ஐ 10ஆல பெருக்கி 600ஆல வகுத்தா மணிக்கு 1.6 இன்ச். களிமண்ணா இருந்தா மணிக்கு 0.1, 0.2 இன்ச் தான் உள்ள வாங்கும். மிச்ச தண்ணி நடைபாதைல ஓடும். அதனால தான் கொஞ்ச நேரம் விடு, நிறுத்து, ஊறட்டும், மறுபடி விடுன்னு கண்ட்ரோலர்ல சைக்கிள் அண்ட் சோக் வைக்கிறோம். நீங்க சைட்ல பண்றது தான், கேள்வில இதையே நம்பர் போட்டு சுத்தி வளைச்சு கேப்பாங்க.

0.62வும் அதே வீடு தான். ஒரு சதுர அடி மேல ஒரு இன்ச் தண்ணி நின்னா 144 கன இன்ச். அதை 231ஆல வகுத்தா 0.62 கேலன். அவ்வளவு தான். மீட்டர் கன அடில ஓடுச்சுன்னா ஒரு கன அடி 1728 கன இன்ச், 231ஆல வகுத்தா 7.48 கேலன்.

பிரஷருக்கு வாங்க. ஒரு கன அடி தண்ணி எடை 62.4 பவுண்டு, அது 144 சதுர இன்ச் தரைல உக்காருது. வகுத்தா 0.433. ஒரு அடி உயர தண்ணிக்கு 0.433 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டுங்கிற அளவு). தலைகீழா திருப்பினா ஒரு பிஎஸ்ஐக்கு 2.31 அடி, இது ரெண்டையும் ரெண்டு ஃபார்முலான்னு நினைச்சு நிறைய பேர் குழம்புறாங்க. மீட்டர்ல 60 பிஎஸ்ஐ, மேட்டுல 30 அடி மேல ஹெட்டு இருக்குன்னா 13 போயிடும், 47 மிச்சம், அதுலயும் பைப் உரசல்ல போறது தனி. பள்ளத்துல இருந்தா அதே 13 கூடும். ஒரு விஷயம் நல்லா புடிச்சுக்கோங்க, தண்ணி ஓடாம நிக்கும்போது பைப் சைஸ் என்னவா இருந்தாலும் ஸ்டாட்டிக் பிரஷர் மாறாது, உயரம் மட்டும் தான் கணக்கு. ஓட ஆரம்பிச்சா தான் சின்ன பைப்ல பிரஷர் விழும். அதுக்கு தான் பிவிசில தண்ணி வேகம் செகண்டுக்கு 5 அடிய தாண்டக் கூடாதுங்கிறாங்க, தாண்டினா உரசலும் அதிகம், வால்வு மூடும்போது வாட்டர் ஹேமர் அடிச்சு ஃபிட்டிங் விட்டுடும்.

324 என்னன்னா, ஒரு கன கெஜத்துல 27 கன அடி, கனத்தை நாம இன்ச்ல சொல்றதால 12ஆல பெருக்கி 324. 1,000 சதுர அடிக்கு 3 இன்ச் மல்ச் (மண்ணு மேல பரப்புற மூடாக்கு) வேணும்னா 3,000ஐ 324ஆல வகு, 9.26 கன கெஜம். 12க்கு 15 அடி பேஷியோ, 4 இன்ச் கான்கிரீட், 180 பெருக்கல் 4 வகுத்தல் 324, 2.2 வரும், வேஸ்டேஜுக்கு 10% சேத்தா கிட்டத்தட்ட 2.5 ஆர்டர் போடணும்.

படிக்கிறதுக்கு தனியா நேரம் தேடாதீங்க. நாளைக்கு போற சைட்ல ஒரு ஸோன் ஆன் பண்ணிட்டு மீட்டரை பாத்து ஜிபிஎம் எடுங்க, டேப்பை புடிச்சு ஏரியா அளங்க, மணிக்கு எத்தனை இன்ச்னு அங்கேயே பேப்பர்ல போடுங்க. மல்ச் லோடு வர்றதுக்கு முன்னாடி எத்தனை கெஜம்னு நீங்க ஒரு கணக்கு போட்டு வச்சு, ஓனர் போட்ட ஆர்டரோட ஒத்துப் பாருங்க. கையால போட்ட கணக்கு மறக்காது.

பேக்ஃப்ளோ (தோட்டத் தண்ணி குடிதண்ணி லைனுக்கு திரும்பிப் போறது) தடுக்குற பகுதிய விடாதீங்க. அட்மாஸ்ஃபெரிக் வாக்யூம் பிரேக்கர் மிக உயரமான அவுட்லெட்டுக்கு 6 இன்ச் மேல, அதுக்கு பின்னாடி வால்வு வைக்கக் கூடாது, எப்பவும் பிரஷர்லயும் இருக்கக் கூடாது. பிரஷர் வாக்யூம் பிரேக்கர்னா 12 இன்ச் மேல, அதுல பின்னாடி வால்வு வைக்கலாம். உரம், மருந்து ஏதாவது லைன்ல கலக்குற மாதிரி இருந்தா ரெட்யூஸ்ட் பிரஷர் டைப் தான். ஏன்னு கேட்டா, உறிஞ்சுறதோட எதிர் பிரஷரையும் தாங்குறது அது தான், மேல சொன்ன ரெண்டுக்கும் அது முடியாது. ஏன்னு புரிஞ்சுட்டா நாலு ஆப்ஷன்ல மூணு தானா விழுந்துடும்.

ரசீதுக்கட்டு

மேல அண்ணன் ட்ரேட் பத்தி சொன்னதுல நான் ஒண்ணும் சேக்க வேணாம், ஆனா எதுக்கு அதிக நேரம்னு கேட்டீங்களே தம்பி, லா அண்ட் பிசினஸுக்கு தான். எங்க வீட்டுக்காரர் கம்பெனிக்கு காண்ட்ராக்ட், பேரோல், பில்லு எல்லாம் நான் தான் பாக்குறேன், அந்த பரீட்சையும் நானே எழுதினேன், அதனால உறுதியா சொல்றேன். வேலை தெரிஞ்சவங்க ட்ரேட்ல ஓரளவு யோசிச்சு பதில் போட்டுடலாம். சட்டத்துல யோசிச்சு போட முடியாது. 20 நாளா 30 நாளாங்கிறதுக்கு நியாயம் யோசிச்சா விடை வராது, தெரிஞ்சிருக்கணும்.

சிஎஸ்எல்பியோட ஸ்டடி கைடு அவங்க சைட்லயே ஃப்ரீயா இருக்கு, எந்த எந்த தலைப்புல இருந்து கேள்வி வரும்னு அதுலயே போட்டிருக்கும், அதை பக்கத்துல வச்சுக்கிட்டு லா புக்கை படிங்க. மொத பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் நாவல் மாதிரி படிக்க ஆரம்பிச்சீங்கன்னா பாதில நின்னுடுவீங்க.

வீட்டு வேலை காண்ட்ராக்ட்ல அட்வான்ஸ் 10% இல்ல 1,000 டாலர், எது கம்மியோ அது தான். 30,000 டாலர் பேக்யார்டு வேலைன்னா 3,000 வாங்கலாம்னு தோணும், கூடாது, 1,000 தான். கல்லு ஸ்பெஷல் ஆர்டர், செடிக்கு நர்சரில முன்பணம் கட்டணும்னு கஸ்டமர்கிட்ட சொல்லி வாங்குறவங்களை நிறைய பாக்குறோம், சட்டத்துல அதுக்கு இடம் இல்ல. அதுக்கப்புறம் வாங்குற ஒவ்வொரு தவணையும் அது வரைக்கும் முடிச்ச வேலையோட மதிப்பை தாண்டக் கூடாது. கையெழுத்து போட்ட கஸ்டமர் 3 பிசினஸ் நாளுக்குள்ள கேன்சல் பண்ணலாம், 65 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா 5 நாள்.

மெக்கானிக்ஸ் லீன் (காசு வரலைன்னா வேலை செஞ்ச சொத்து மேல பதியுற உரிமை) தான் எல்லாரும் சறுக்குற இடம், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. நீங்க சப்காண்ட்ராக்டரா போனா வேலையோ சாமானோ மொத மொத குடுத்த நாள்ல இருந்து 20 நாளுக்குள்ள ப்ரிலிமினரி நோட்டீஸ் (பின்னாடி லீன் போட உரிமை இருக்குன்னு முன்னாடியே சொல்றது) அனுப்பணும். லேட்டா அனுப்பினா உரிமை மொத்தமா போகாது, அனுப்பின நாளுக்கு முந்தின 20 நாள்ல இருந்து செஞ்ச வேலைக்கு மட்டும் தான் கிடைக்கும். சொத்து ஓனரோட நேரா காண்ட்ராக்ட் போட்டிருந்தா ஓனருக்கு அந்த நோட்டீஸ் வேணாம், கட்டுமான லோன் குடுத்தவங்க இருந்தா அவங்களுக்கு குடுக்கணும். வேலை முடிஞ்சு ஓனர் நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன் ரெக்கார்டு பண்ணிட்டா நேரடி காண்ட்ராக்டருக்கு லீன் ரெக்கார்டு பண்ண 60 நாள், சப்புக்கு 30 நாள். பண்ணலைன்னா ரெண்டு பேருக்கும் முடிஞ்சதுல இருந்து 90 நாள். லீன் போட்டதோட முடியல, அதுல இருந்து 90 நாளுக்குள்ள கேஸ் போடணும், இல்லைன்னா லீன் செல்லாது. சிட்டி பார்க், ஸ்கூல் கிரவுண்டு மாதிரி அரசாங்க வேலைல லீன் போடவே முடியாது, ஸ்டாப் பேமெண்ட் நோட்டீஸும் பேமெண்ட் பாண்டும் தான் வழி. ஒரு பேப்பர்ல கோடு போட்டு, வேலை ஆரம்பம் இங்க, முடிவு இங்க, நோட்டீஸ் இங்கன்னு குறிச்சு நாளை எழுதிப் பாருங்க, புரியும்.

ஆள் வச்சு வேலை வாங்குறதுல ஐ-9 ஃபார்ம் (வேலை பாக்க அனுமதி இருக்கான்னு சரிபாக்குறது) ஆளு சேந்து 3 பிசினஸ் நாளுக்குள்ள, புது ஆளை ஈடிடிக்கு (மாநில வேலைவாய்ப்புத் துறை) 20 நாளுக்குள்ள சொல்லணும். வேலைய விட்டு நிறுத்தினா கடைசி சம்பளம் அன்னைக்கே கைல குடுக்கணும், அவரே சொல்லாம கொள்ளாம நின்னா 72 மணி நேரம். ஒரு நாள்ல 8 மணி நேரம் தாண்டினா ஒன்றரை மடங்கு, 12 தாண்டினா ரெண்டு மடங்கு. ஆளுக்கு பெரிய அடி பட்டா கால்-ஓஷாவுக்கு (மாநிலத்தோட வேலையிட பாதுகாப்புத் துறை) உடனே சொல்லணும், அதிகபட்சம் 8 மணி நேரம். இந்த நம்பரை எல்லாம் சும்மா பரீட்சைக்குன்னு நினைக்காதீங்க, நாளைக்கு உங்ககிட்ட வேலை பாக்குறவங்க வீட்டு அடுப்பு எரியுறது இதுல தான்.

கணக்குல ஒண்ணே ஒண்ணு. செலவு 8,000 டாலர், விலைல 20% லாபம் நிக்கணும்னா என்ன விலை போடணும்? 8,000க்கு 20% சேத்து 9,600ன்னு போடுவாங்க, தப்பு. 8,000ஐ 0.8ஆல வகுக்கணும், 10,000. மார்க்கப் (செலவு மேல சேக்குறது) வேற, மார்ஜின் (விலைல நிக்குறது) வேற. இதை தெரியாம லைசென்ஸ் எடுத்து வருஷம் பூரா உழைச்சு கைல ஒண்ணும் நிக்காம இருக்கிறவங்களை பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

மண்வெட்டி

அந்த "அதே கேள்விகள்" விக்கிறவங்ககிட்ட போகாதீங்க. லைசென்ஸ் பரீட்சை கேள்விய வெளிய எடுத்துட்டு போறது, விக்கிறது, வாங்குறதெல்லாம் கலிஃபோர்னியா சட்டப்படி குற்றம், லைசென்ஸ் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பேர் கெட்டுடும். பொதுவா ப்ராக்டிஸ் கேள்வி விக்கிற ஸ்கூல் வேற, அது தப்பில்ல, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. விடைக்கு காரணம் போடாத புக்குன்னா காசு வேஸ்ட்.

ரெண்டு பேரும் சேஃப்டிய தொடல, நான் சொல்றேன். மண்ணு தோண்டுறதுக்கு முன்னாடி 811க்கு ஃபோன் பண்ணணும், தரைக்கு அடில போற லைனை வந்து குறிச்சுக் குடுப்பாங்க. கூப்பிட்ட நாளை கணக்குல சேக்காம குறைஞ்சது 2 வேலை நாள் முன்னாடி, 14 நாளுக்கு மேல முன்னாடியும் கூடாது. தோண்டப் போற இடத்தை வெள்ளை பெயிண்ட்ல நாமளே குறிக்கணும். அவங்க வந்து போடுற கலர்: சிவப்பு கரண்ட்டு, மஞ்சள் கேஸ், ஆரஞ்சு ஃபோன் கேபிள், நீலம் குடிதண்ணி, பச்சை சாக்கடை, ஊதா ரீசைக்கிள் தண்ணி. குறி போட்டதுக்கு ரெண்டு பக்கமும் 24 இன்ச் கைக்கருவி தான், மெஷின் கூடாது. டிக்கெட் 28 நாள் செல்லும்.

ட்ரென்ச் 5 அடி ஆழம் வந்துட்டா ஷோரிங்கோ (பக்கத்துக்கு முட்டுக் குடுக்குறது) சரிவோ ஏதாவது ஒரு பாதுகாப்பு வேணும். 4 அடி ஆழத்துலயே ஏணி வேணும், ஆளு 25 அடிக்கு மேல நடக்காம அதுக்கு வந்து சேரணும். தோண்டின மண்ணை ஓரத்துல இருந்து 2 அடி தள்ளி கொட்டணும். வெயில்ல 80 டிகிரி தொட்டா நிழல் ரெடியா இருக்கணும், 95 தொட்டா ஹை ஹீட் விதிகள், ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட் தண்ணி. ஹை ஹீட் விதில லேண்ட்ஸ்கேப்பிங்னு தொழில் பேரே போட்டிருக்காங்க, அதனால இதை கேக்காம விடுறது கஷ்டம்.

ஹார்ட்ஸ்கேப்ல (கல்லு, சுவர் வேலைல) ரீடெய்னிங் வால் (மண்ணைத் தாங்குற சுவர்) பின்னாடி ஜல்லியும் ஓட்டை பைப்பும், அந்த பைப்ல ஓட்டை கீழ் பக்கம் பாத்து இருக்கணும். ஓட்டை மேல இருந்தா தானே தண்ணி விழும்னு தோணும், ஆனா தண்ணி மட்டம் கீழ இருந்து ஏறி வந்து பைப்புக்குள்ள போகும்போது தான் வாலுக்கு பின்னாடி அது தேங்காம இருக்கும். வீட்டு சுவர்ல இருந்து மண்ணு முதல் 10 அடிக்கு 6 இன்ச் சரியணும், அதாவது 5%. கான்கிரீட், பேவர்னா அடிக்கு கால் இன்ச், சுமார் 2%. மரம் நடும்போது வேர்ப்பந்து மேல்மட்டம் தரைக்கு சமமாவோ கொஞ்சம் தூக்கலாவோ இருக்கணும், குழி அகலமா இருக்கணும் ஆழமா இல்ல. பழைய இலை மஞ்சளானா நைட்ரஜன் பத்தல, புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்பு, பெரும்பாலும் மண்ணோட பிஎச் ஏறினதால.

உரக் கணக்கும் வரும். பைல 20-5-10ன்னா முதல் நம்பர் நைட்ரஜன். 1,000 சதுர அடிக்கு ஒரு பவுண்டு நைட்ரஜன் வேணும்னா 1ஐ 0.20ஆல வகு, 5 பவுண்டு உரம்.

பச்சைத்தரை

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 231 விஷயம் படிச்சதும் தான் மூச்சே வந்துச்சு, நேத்து சைட்லயே ஒரு ஸோனுக்கு போட்டுப் பாத்தேன், 1.9 வந்துச்சு, அந்த ஸோன்ல தண்ணி ரோட்டுக்கு ஓடுறது ஏன்னு இப்ப தான் நம்பரா தெரியுது.

ஒரு சந்தேகம். எம்வெலோன்னு தண்ணி சிக்கன ஆர்டினன்ஸ் வருதே, அதுல 0.55ங்கிறாங்க. கஸ்டமர் பூரா புல்லு வேணும்னா முடியாதுன்னு எங்க ஓனர் சொல்வாரு, 25% தான் புல்லு போடலாம்னு. அந்த 25 சட்டத்துல எழுதியிருக்கா, இல்ல கணக்குல வருதா? அப்புறம் ரெண்டு பரீட்சைல ஒண்ணுல போயிட்டா ரெண்டையும் திரும்ப எழுதணுமா?

சொட்டுநீர்

வீட்டுக்கு கணக்கு போட்டாலே அது வந்துடும் தம்பி, பாருங்க. எந்த செடிக்கும் ஒரு ப்ளாண்ட் ஃபாக்டர் இருக்கு, தண்ணி கம்மியா கேக்குறது 0.1ல இருந்து 0.3, நடுத்தரம் 0.4ல இருந்து 0.6, அதிகம் 0.7ல இருந்து 1.0. அதை இர்ரிகேஷன் எஃபிஷியன்சியால வகுக்கணும், மேல இருந்து தெளிக்கிற ஸ்ப்ரேக்கு 0.75, ட்ரிப்புக்கு 0.81.

புல்லுக்கு 0.8ன்னு எடுத்தா 0.8ஐ 0.75ஆல வகு, 1.07. அனுமதி வீட்டுக்கு சராசரி 0.55 தான், அதனால பூரா புல்லுன்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தாண்டிடுது. கம்மி தண்ணி செடி ட்ரிப்ல போட்டா 0.3ஐ 0.81ஆல வகு, 0.37. இப்ப கால் பங்கு புல்லு, முக்கால் பங்கு இந்த செடின்னு கலந்தா, 1.07ல கால் 0.27, 0.37ல முக்கால் 0.28, கூட்டினா 0.55க்குள்ள மட்டு மட்டா நிக்கும். உங்க ஓனர் சொல்ற 25 இப்படி கணக்குலயும் வருது, சின்ன தோட்டத்துக்கு ஆர்டினன்ஸ்ல இருக்கிற சுருக்க வழில வீட்டுக்கு 25%னு எழுதியும் இருக்கு. மிச்ச இடத்துல நடுத்தர தண்ணி செடி வச்சா அந்த கால் பங்கு புல்லும் போட முடியாது. கடை, ஆபீஸ்னா அனுமதி 0.45, அங்க இன்னும் இறுக்கம்.

வருஷத்துக்கு எத்தனை கேலன் விடலாம்னு கேட்டா அதுக்கு தான் 0.62. அந்த ஊர் ஈடிஓ (மண்ணு, செடி வழியா வருஷத்துல ஆவியாகிப் போற தண்ணி அளவு) 50 இன்ச், தோட்டம் 2,000 சதுர அடின்னு வைங்க. 50 பெருக்கல் 0.62 பெருக்கல் 0.55 பெருக்கல் 2,000, 34,100 கேலன். நீங்க டிசைன் பண்ணின தோட்டம் குடிக்கப் போற அளவு இதுக்கு கீழ வரணும். பெர்மிட்டோ பிளான் செக்கோ தேவைப்படுற வேலைல புது தோட்டம்னா 500 சதுர அடில இருந்தே இது பொருந்தும், பழசை மாத்துறதுன்னா 2,500ல இருந்து. சரிவு, மல்ச் 3 இன்ச் மாதிரி சின்ன சின்ன விதி நிறைய இருக்கு, ஆர்டினன்ஸை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.

ரசீதுக்கட்டு

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். பாஸ் ஆனது ஆனது தான், போனதை மட்டும் திரும்ப எழுதினா போதும், அதுக்கு தனியா ஃபீஸ் கட்டணும். அப்ளிகேஷன் ஏத்துக்கிட்டதுல இருந்து 18 மாசத்துக்குள்ள ரெண்டும் முடியணும். ரிசல்ட்டு அங்கேயே குடுத்துடுவாங்க. பாஸ்னா பாஸ்னு மட்டும் தான் வரும், ஃபெயில்னா எந்த பகுதில எப்படின்னு ஒரு பேப்பர்ல வரும், அதை தூக்கிப் போடாம வச்சுக்கோங்க, அடுத்த தடவைக்கு எதை படிக்கணும்னு அதுலயே இருக்கும்.

பாஸ் ஆனப்புறம் செய்ய வேண்டியதையும் இப்பவே ரெடி பண்ணி வைங்க. 25,000 டாலர் காண்ட்ராக்டர் பாண்டு வேணும், அது முழுசா கட்டுற காசு இல்ல, பாண்டு கம்பெனிக்கு ப்ரீமியம் தான், உங்க கிரெடிட் எப்படி இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி. லைசென்ஸ் ஃபீஸ் தனி ஓனருக்கு 200. ஆஸ்பெஸ்டாஸ் பத்தி ஒரு சின்ன பரீட்சை இருக்கு, அது புக்கை பாத்து எழுதுறது. ஆள் வைக்கிறதா இருந்தா ஒர்க்கர்ஸ் காம்ப் இன்ஷூரன்ஸ்.

களைக்கொத்தி

நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கோங்க. நான் புல்லு வெட்டுறது, களை எடுக்குற மெயிண்டனன்ஸ் மட்டும் தான் பண்றேன். எனக்கும் சி-27 வேணுமா?

மண்வெட்டி

வெறும் புல்லு வெட்டுறது, களை புடுங்குறதுக்கு காண்ட்ராக்டர் லைசென்ஸ் வேணாம், நட்டப்புறம் 15 அடிக்கு கம்மியா இருக்கிற மரத்தை வேலையோட வேலையா கொஞ்சம் கத்திரிக்கலாம். ஆனா ஸ்பிரிங்க்ளர் லைன் போடுறது, பேவர், சுவர்னு கட்டுற வேலைய எடுத்தா லேபரும் சாமானும் சேத்து 1,000 டாலர் தொட்டுட்டாலே லைசென்ஸ் வேணும். 2025 ஜனவரில தான் அது 500ல இருந்து 1,000 ஆச்சு. அதுவும் கைக்கு ஆள் வச்சிருந்தா, இல்ல பெர்மிட் தேவைப்படுற வேலையா இருந்தா அந்த சலுகை கிடையாது. ஒரே வேலைய 900, 900னு ரெண்டு பில்லா பிரிச்சா செல்லாது. லைசென்ஸ் இல்லாம செஞ்ச வேலைக்கு கஸ்டமர் காசு தரலைன்னா கோர்ட்டுக்கும் போக முடியாது, அது தான் பெரிய ஆபத்து.

களைக்கு மருந்து அடிக்கிறீங்களா? காசு வாங்கிட்டு அடுத்தவங்க தோட்டத்துல களைக்கொல்லி அடிச்சா, கடைல யார் வேணா வாங்குற மருந்தா இருந்தாலும், அதுக்கு பெஸ்டிசைட் டிபார்ட்மெண்ட்ல மெயிண்டனன்ஸ் கார்டனர் பிரிவுல தனி சர்ட்டிஃபிகேட்டும் பிசினஸ் லைசென்ஸும் வேணும். சி-27 இருந்தாலும் அது வேற இது வேற. நீங்க மொதல்ல அதை எடுங்க.